ஒரே வாக்கியத்தில் இரண்டு ‘ஃபெல் த்ரூ’: தமிழில் எப்படி?

தாழ்வாரம் (கேள்வி)

வணக்கம். இங்கிலாந்தில் முதன்முறை வீடு வாங்கும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்கான ஒரு சிறு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் இந்த வாக்கியத்தில் மாட்டிக்கொண்டேன்:

“தி சேல் ஃபெல் த்ரூ ஆஃப்டர் தி சர்வேயர் ஃபெல் த்ரூ தி சீலிங்.”

என் வரைவு: “சர்வேயர் கூரையிலிருந்து விழுந்ததால் விற்பனை வீழ்ச்சியடைந்தது.” (சர்வேயர் என்றால் இங்கே, வாங்கப்போகும் வீட்டின் நிலையைச் சோதிப்பவர்.) எழுதிவிட்டேனே தவிர, எங்கோ இடிக்கிறது. ஃபால் என்றால் விழுவது, த்ரூ என்றால் வழியாக. ஆனால் இரண்டையும் சேர்த்தால் ஒரே வாக்கியத்துக்குள்ளேயே வேறு வேறு ஆள் மாதிரி நிற்கின்றன.

இதே கையேட்டில் இன்னும் இரண்டு இடங்கள் உண்டு: “சம் ஃபேமிலீஸ் ஃபால் த்ரூ தி நெட்”, “பிரைசஸ் வென்ட் த்ரூ தி ரூஃப்”. ஃபால் த்ரூ எப்போது உண்மையான விழுதல், எப்போது உருவகம் என்று பார்த்தவுடன் பிரிக்க ஏதாவது வழி உண்டா? கம்ப்யூட்டர் படித்தவர்கள் இதே சொல்லை வேறு எதற்கோ பயன்படுத்துகிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். அதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கப்பி

முதலில் ‘விற்பனை வீழ்ச்சியடைந்தது’ என்பதை எடுத்துவிடுங்கள். தமிழ்ப் பத்திரிகை படித்துப் பழகியவர் அதைப் பார்த்தால், போன மாதம் நூறு வீடு விற்ற ஊரில் இந்த மாதம் அறுபதுதான் விற்றது என்று எடுத்துக்கொள்வார். அதற்கு ஆங்கிலத்தில் ‘சேல்ஸ் ஃபெல்’ அல்லது ‘சேல்ஸ் ஃபெல் ஆஃப்’. உங்கள் வாக்கியத்தில் சேல் ஒருமை. ஒரே ஒரு வீட்டின் பேரம். அது குறையவில்லை, நடக்கவே இல்லை.

பிரிக்கும் வழி கேட்டீர்கள். த்ரூவுக்குப் பின்னால் பெயர்ச்சொல் வருகிறதா என்று பாருங்கள். ‘ஃபெல் த்ரூ தி சீலிங்’ என்பதில் சீலிங் வருகிறது. எதைத் தாண்டி விழுந்தார் என்பதற்கு விடை இருக்கிறது. ஆகவே அது உண்மையான விழுதல். ‘தி சேல் ஃபெல் த்ரூ’ என்பதில் அங்கேயே வாக்கியம் முடிகிறது. எதன் வழியாக என்று கேட்டால் விடையே கிடையாது. அதுதான் உருவகம்.

இந்த உருவகப் பயன்பாட்டுக்குச் செயப்படுபொருள் ஒருபோதும் வராது. ‘வீ ஃபெல் த்ரூ தி டீல்’ என்று எழுதினால் பிழை. ‘தி டீல் வாஸ் ஃபாலன் த்ரூ’ என்று செயப்பாட்டுவினையாகவும் ஆக்க முடியாது. ‘தி டீல் ஃபெல் த்ரூ’, ‘தி டீல் ஹேஸ் ஃபாலன் த்ரூ’, இவைதான் சரி. நம் பிள்ளைகள் அதிகம் தவறுவது இங்கேதான். ‘பேரத்தைக் கெடுத்துக்கொண்டோம்’ என்று தமிழில் நினைத்து, ‘வீ’யை எழுவாயாகப் போட்டுவிடுகிறார்கள்.

ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். ‘தி ரூஃப் ஹீ ஃபெல் த்ரூ’ என்ற தொடரில் த்ரூவுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. அதனால் உருவகம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ரூஃப் என்ற சொல் முன்னால் நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான்: ‘அவர் பொத்துக்கொண்டு விழுந்த கூரை’. ‘வாட் டிட் ஹீ ஃபால் த்ரூ?’ என்ற கேள்வியும் அப்படியே. எழுவாய் யார் என்று பார்த்தால் குழப்பம் தீரும். விழுவது மனிதனோ பொருளோ என்றால் பெரும்பாலும் நிஜ விழுதல். பேரம், திட்டம், பயணம், திருமணம், வேலை வாய்ப்பு போல ஏற்பாட்டில் இருந்து இன்னும் முடியாத ஒன்று என்றால் உருவகம்.

காதாலும் பிரிக்கலாம். ‘தி சேல் ஃபெல் த்ரூ’ என்று சொல்லும்போது அழுத்தம் த்ரூவில் விழும். ‘ஃபெல் த்ரூ தி சீலிங்’ என்னும்போது த்ரூ அடங்கி, அழுத்தம் சீலிங்கின் முதல் அசைக்குப் போய்விடும். உங்கள் வாக்கியத்தை வாய்விட்டு ஒரு தடவை படித்துப் பாருங்கள், இரண்டு த்ரூவும் ஒன்றுபோல ஒலிக்காது.

நிஜ விழுதலிலும் தமிழுக்கு ஒரே சொல் போதாது. மேற்பரப்பு உடைந்து விழுந்தால் ‘பொத்துக்கொண்டு’, ‘பிய்த்துக்கொண்டு’: உறைந்த ஏரியின் பனிப்பாளம், உளுத்த பலகைத் தளம், கூரைத் தகடு. கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்று சொல்கிறோமே, அந்தப் பிய்த்துக்கொண்டு இந்த த்ரூவேதான். ஏற்கெனவே இருக்கும் திறப்பு என்றால் ‘வழியாக’: கதவில்லாத லிஃப்ட் குழி, திறந்து கிடக்கும் தரைக்கதவு. காற்று, நீர், மேகம் என்றால் ‘ஊடே’. மூன்றுக்கும் ‘வழியாக விழுந்தார்’ என்றே எழுதினால், கூரையில் ஏற்கெனவே ஓட்டை இருந்ததுபோல ஆகிவிடும்.

உருவகம் மனதில் நிற்க ஒரு படம் சொல்கிறேன். (சொல் பிறந்த வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.) மாவு சலிக்கும்போது சல்லடையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கப்பி மேலே தங்கும், மாவு சல்லடையின் ஓட்டைகள் வழியே இறங்கிவிடும். பிடித்து நிறுத்த வேண்டியது பிடிக்காமல் விட்டுவிட, கையில் தங்கும் என்று நினைத்தது தங்காமல் போவதுதான் ‘தி டீல் ஃபெல் த்ரூ’.

---

ஏணிப்படி

கப்பி சொன்னதோடு, உங்கள் வரைவின் ‘கூரையிலிருந்து’ என்ற சொல்லை மட்டும் எடுத்துப் பேசுகிறேன். விபத்து அறிக்கைகளை மொழிபெயர்க்கிறவர்கள் மிக அதிகமாகச் செய்யும் தவறு இது. சின்ன விஷயம் இல்லை.

‘ஃபெல் ஆஃப் தி ரூஃப்’ என்றால் கூரையின் விளிம்பைத் தாண்டி வெளியே விழுந்தார். ‘ஃபெல் த்ரூ தி ரூஃப்’ என்றால் காலடியில் தகடு உடைந்து, கட்டடத்துக்கு உள்ளே விழுந்தார். தமிழில் இரண்டையும் ‘கூரையிலிருந்து விழுந்தார்’ என்று எழுதினால் காரணம் மறைந்துவிடுகிறது. காரணம் மறைந்தால் அடுத்த விபத்தைத் தடுக்கும் வழியும் தப்பாகிவிடும். முதலாவதற்கு விளிம்பில் கைப்பிடித் தடுப்பு போட வேண்டும். இரண்டாவதற்கு அந்தத் தடுப்பால் ஒரு பயனும் இல்லை. எடையைத் தாங்கிப் பரப்பும் நடைபலகை, திறப்புகளுக்கு மூடி, அடியில் வலை என்பவைதான் வேண்டும். பிரிட்டனின் 2005ஆம் ஆண்டு உயரப் பணி விதிகளில், உடையக்கூடிய மேற்பரப்புக்கென்றே தனி விதி இருக்கிறது. விளிம்பும் மேற்பரப்பும் வேறு வேறு ஆபத்து என்பதால்தான்.

ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் தகடும், வெளிச்சத்துக்காக நடுநடுவே பதிக்கும் பிளாஸ்டிக் தகடும்தான் இதில் மோசமானவை. பிளாஸ்டிக் தகடு வெயிலில் நொறுங்கும் பதத்துக்கு வந்திருக்கும். மேலே பாசியோ பெயிண்டோ படிந்துவிட்டால் பக்கத்துத் தகட்டிலிருந்து பிரித்தே தெரியாது. போல்ட் வரிசை மேலேயே நடந்தால் கீழே சட்டம் தாங்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது தவறு. கால் ஒரு சாண் நகர்ந்தாலும் போச்சு.

உங்கள் சர்வேயர் விஷயம் இன்னும் வேறு. அவர் கூரை மேல் ஏறவே இல்லை. இங்கிலாந்து வீடுகளில் சாய்வுக் கூரைக்கும் மேல்மாடி அறைக்கும் நடுவில் ‘லாஃப்ட்’ என்ற பரண் இருக்கும். பல வீடுகளில் அதற்குத் தளம் கிடையாது. 400 அல்லது 600 மில்லிமீட்டர் இடைவெளியில் மரச்சட்டங்கள் ஓடும், அவற்றின் அடிப்பக்கத்தில் ஆணியோ திருகோ அடித்த பிளாஸ்டர்போர்டுதான் கீழ் அறையின் சீலிங். அதன் தடிமன் பெரும்பாலும் 12.5 மில்லிமீட்டர், சில வீடுகளில் 9.5. அது ஆள் எடையைத் தாங்குவதற்காகச் செய்ததே இல்லை. சட்டங்களுக்கு இடையே கம்பளிபோல வெப்பக்காப்புப் பொருள் நிரப்பியிருப்பதால், சட்டம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. கால் சட்டத்தை விட்டு நழுவினால் நேரே கீழ் அறைதான்.

அதனால் ‘கூரை’ என்ற சொல்லையே தவிர்த்து, ‘பரணில் கால் தவறி, சீலிங்கைப் பொத்துக்கொண்டு கீழ் அறையில் விழுந்தார்’ என்று எழுதுங்கள். ‘மேல்தளத்திலிருந்து’ என்று போட்டால் மொட்டைமாடி நினைவுக்கு வந்துவிடும்.

---

கரையோரம்

சேல் பக்கத்துக்கு வருகிறேன். உங்கள் வாசகர் வீடு வாங்கப் போகிறவர் என்பதால், எந்தக் கட்டத்தில் ‘ஃபெல் த்ரூ’ என்பார்கள் என்று தெரிந்தால் தமிழ்ச்சொல்லும் தானாகவே பிடிபடும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விலை ஒத்துக்கொண்டு, ‘ஆஃபர் அக்செப்டட்’ என்று சொன்ன பிறகும் யாரும் சட்டப்படி கட்டுப்பட்டவர் இல்லை. அதன் பிறகுதான் சர்வே, வங்கிக் கடன், உள்ளூராட்சிப் பதிவேடுகளில் தேடல் எல்லாம் நடக்கும். இரு தரப்பு வழக்கறிஞர்களும் ஒப்பந்தங்களைப் பரிமாறிக்கொள்ளும் நாளில்தான் பேரம் இறுகும். வழக்கமாக 10 சதவீத முன்பணம் அப்போது கைமாறும். அந்தப் பரிமாற்றத்துக்கு முன்னால் எப்போது வேண்டுமானாலும் ‘தி சேல் ஃபெல் த்ரூ’ ஆகலாம்: சர்வேயில் ஈரக்கசிவு தெரிந்தது, வங்கி வீட்டைக் குறைத்து மதிப்பிட்டது, விற்கிறவர் கூடுதல் விலைக்கு வேறு ஆளைப் பிடித்தார். சங்கிலியில் இருக்கும் வேறொரு வீட்டின் பேரம் கெட்டாலும் போதும். எனக்கு வீடு விற்கிறவர் அந்தப் பணத்தில் இன்னொரு வீடு வாங்கக் காத்திருக்கிறார், அவருக்கு விற்கிறவரும் அப்படியே. ஒரு கண்ணி அறுந்தால் எல்லாமே நின்றுபோகும்.

பரிமாற்றத்துக்குப் பிறகு வாங்குகிறவர் விலகினால் அது ஒப்பந்த மீறல், முன்பணமும் போய்விடும். அங்கே ‘ஃபெல் த்ரூ’ என்பது பொருத்தமான சொல் அல்ல. ஸ்காட்லாந்தில் முறையே வேறு. அங்கே ‘மிஸிவ்ஸ்’ என்ற கடிதங்கள் முடிவானதும் பேரம் கட்டுப்படுத்தும்.

ஆக, ஃபால் த்ரூ என்பது முடியும் தறுவாயில் இருந்த, இன்னும் கட்டுப்படாத ஓர் ஏற்பாடு கைகூடாமல் போவது. அதனால்தான் தமிழில் ‘தட்டிப்போனது’ எனக்கு முதல் விருப்பம். சம்பந்தம் தட்டிப்போச்சு, வேலை தட்டிப்போச்சு என்று நாம் சொல்வதிலும் அதே பொருள்தான்: கிட்டே வந்தது, கிடைக்கவில்லை. யார் கெடுத்தார் என்று சொல்லாமல் விடுவதிலும் இரண்டும் ஒன்றே. ஃபால் த்ரூவில் குற்றவாளி கிடையாது. குற்றவாளியைச் சொல்ல வேண்டுமானால் ஆங்கிலம் தனியாகச் சொல்லும்: ‘தி பையர் புல்ட் அவுட் அண்ட் தி சேல் ஃபெல் த்ரூ’, வாங்குகிறவர் பின்வாங்கினார், விற்பனை தட்டிப்போனது.

பக்கத்தில் இருக்கும் மற்றச் சொற்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ‘ரத்தானது’ என்றால் யாரோ முடிவெடுத்து ரத்து செய்தார்கள்; அது ‘கால்ட் ஆஃப்’. ‘பேச்சுவார்த்தை முறிந்தது’ என்பது ‘ப்ரோக் டவுன்’. ‘விலை படியவில்லை’ என்பது இன்னும் ஆரம்பக் கட்டம். விலை படிந்த பிறகுதான் தட்டிப்போக முடியும். ‘தோல்வியடைந்தது’ என்று எழுதினால், விற்பனை நடந்து, பிறகு சரியாகப் போகவில்லை என்று தோன்றும்.

உங்கள் வாசகர் யாழ்ப்பாணத்துக்காரர் என்றால் ‘சரிவரவில்லை’, ‘குழம்பிப்போனது’ இரண்டும் அவர் காதுக்கு இன்னும் நெருக்கம். கலியாணம் குழம்பிப்போச்சு என்பது அவர்கள் அன்றாடம் புழங்கும் பேச்சு. கையேட்டில் ‘சரிவராமல் போனது’ என்று போட்டால் இரு கரையிலும் புரியும்.

வீட்டு முகவர்கள் இதைப் பெயர்ச்சொல்லாகவும் ஆக்கியிருக்கிறார்கள், ‘ஃபால்-த்ரூ ரேட்’. அதை ‘வீழ்ச்சி விகிதம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ‘பாதியில் தட்டிப்போகும் பேரங்களின் விகிதம்’ என்று நீட்டி எழுதினாலும் பரவாயில்லை.

மற்ற இரண்டு தொடர்களில், ‘ஃபால் த்ரூ தி நெட்’ கப்பியின் சோதனையை ஏமாற்றும். பின்னால் பெயர்ச்சொல் இருக்கும், ஆனாலும் உருவகம்தான். அந்த வலை உதவித் திட்டங்கள் என்ற வலை. அமெரிக்காவில் இதையே ‘த்ரூ தி க்ராக்ஸ்’ என்பார்கள். விழுவது பேரம் அல்ல. குடும்பம், கோப்பு, விண்ணப்பம். ‘எந்த உதவித் திட்டத்திலும் சேராமல் விடுபட்டுப் போகிறார்கள்’ என்று வலையைக் கைவிட்டுப் பொருளை மட்டும் எழுதுவதே நல்லது. ‘வென்ட் த்ரூ தி ரூஃப்’ நேர்மாறான திசை: விலை கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போனது, அதாவது கிடுகிடுவென ஏறியது. அதே விலை ‘ஃபெல் த்ரூ தி ஃப்ளோர்’ என்றால் அதலபாதாளத்துக்குப் போனது. வினைச்சொல்லைப் பார்க்காமல் த்ரூவை மட்டும் பார்த்து எழுதினால் விலை ஏறியதா இறங்கியதா என்பதே தலைகீழாகிவிடும்.

---

அரைப்புள்ளி

கணினிப் பக்கத்தை நான் சொல்கிறேன். நிரல் எழுதுகிறவர்கள் சொல்லும் ஃபால் த்ரூவில் எதுவும் தட்டிப்போவதில்லை. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் அடுத்ததற்குள் இறங்கிவிடுகிறது.

சி மொழியில் ‘சுவிட்ச்’ என்று ஒரு கட்டளை உண்டு. மதிப்பு 1 என்றால் இதைச் செய், 2 என்றால் அதைச் செய் என்று ‘கேஸ்’களாக அடுக்குவோம். கேஸ் என்பது கதவு இல்லை, வெறும் பெயர்ப்பலகை. ஒவ்வொரு கேஸின் முடிவிலும் ‘பிரேக்’ போட்டால்தான் வெளியே வரும். போடாவிட்டால் கேஸ் 1இன் வேலை முடிந்ததும், மதிப்பு 2தானா என்று பார்க்காமலே கேஸ் 2இன் வேலையையும் செய்துவிடும். வரவு வைக்கும் கேஸில் பிரேக் மறந்து, அடுத்த கேஸ் பற்று வைப்பதாக இருந்தால், ஒரே பரிவர்த்தனையில் பணம் ஏறி உடனே இறங்கும். நிரல் எந்தப் பிழைச்செய்தியும் தராது. அதுதான் கண்டுபிடிக்கக் கடினம்.

சில நேரம் வேண்டுமென்றே பிரேக்கை விடுவதும் உண்டு. வேண்டுமென்று விட்டதா, மறந்து விட்டதா என்று படிக்கிறவருக்குத் தெரியாததால்தான் சி பிளஸ் பிளஸ் மொழியில், 2017 தரத்தில், ‘ஃபால்த்ரூ’ என்று வெளிப்படையாக எழுதும் ஒரு குறியைக் கொண்டுவந்தார்கள். ஜிசிசி என்ற கம்பைலரின் (நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) 7ஆம் பதிப்பிலிருந்து, குறியில்லாத ஃபால்த்ரூவுக்கு எச்சரிக்கை தரச் சொல்லலாம். கோ, ஸ்விஃப்ட் மொழிகள் தலைகீழ்: அங்கே கேஸ் முடிந்தால் தானாகவே வெளியே வந்துவிடும், அடுத்ததற்குள் இறங்க வேண்டுமானால் ‘ஃபால்த்ரூ’ என்று எழுத வேண்டும். சி ஷார்ப்பில், உள்ளே கட்டளை இருக்கும் கேஸ் அப்படி இறங்கினால் கம்பைலரே ஏற்றுக்கொள்ளாது.

தமிழில் ‘அடுத்த கேஸுக்குள் வழிந்தோடுதல்’ என்பது எனக்குச் சரியாகப் படுகிறது. இங்கே எழுவாய் ‘கண்ட்ரோல்’ அல்லது ‘எக்ஸிக்யூஷன்’, அதாவது நிரலின் ஓட்டம். கூடவே ‘டு’ அல்லது ‘இன்டு’ வரும், ‘ஃபால்ஸ் த்ரூ டு தி நெக்ஸ்ட் கேஸ்’. வீட்டுப் பேரத்தில் அந்த ‘டு’ வராது. அடையாளம் காண அது போதும்.

---

தாழ்வாரம்

எல்லோருக்கும் நன்றி. சேல் என்ற ஒருமையை நான் கவனிக்கவே இல்லை. திருத்தியது இது:

“சர்வேயர் பரணில் கால் தவறி, சீலிங்கைப் பொத்துக்கொண்டு கீழ் அறையில் விழுந்தார். இதனால் வீட்டு விற்பனை சரிவராமல் போனது.”

---

கரையோரம்

நன்றாக இருக்கிறது. ‘இதனால்’ மட்டும் வேண்டாம். மூலத்தில் இருப்பது ‘ஆஃப்டர்’. சீலிங் உடைந்ததுதான் காரணமா, பரணில் அவர் வேறு எதையாவது பார்த்தது காரணமா என்று மூலம் சொல்லவில்லை. ‘அதற்குப் பிறகு’ என்று போடுங்கள்.

---

ஏணிப்படி

‘கால் தவறி’ என்பது நான் சொன்ன சொல்தான், ஆனால் இப்போது பார்த்தால் அதுவும் மூலத்தில் இல்லை. அவர் சட்டத்தை விட்டு நழுவினாரா, தளம் இருக்கிறது என்று நம்பி நேரே கால் வைத்தாரா, தெரியாது. அதையும் எடுத்துவிட்டு, ‘பரணில் ஏறிய சர்வேயர், சீலிங்கைப் பொத்துக்கொண்டு கீழே விழுந்தார், அதற்குப் பிறகு வீட்டு விற்பனை சரிவராமல் போனது’ என்று முடியுங்கள்.